பார்பெல் ஸ்குவாட் செய்வது எப்படி? முட்டி, முதுகு பாதிக்காமல் இருக்க கவனிக்க வேண்டியவை!

ஜிம்மில் புதிதாகச் சேரும் பலரும் நெஞ்சுக்கும் கைக்கும் ஒதுக்கும் நேரத்தை காலுக்கு ஒதுக்குவதில்லை. 'லெக் டே' வந்தால் ஜிம்முக்கே லீவ். ஏன் என்று கேட்டால், "ஸ்குவாட் போட்டா முட்டி போயிடும்", "முதுகு பிடிச்சுக்கும்" என்று பதில் வரும். இன்னொரு பக்கம், சேர்ந்த இரண்டாவது வாரமே பாரின் இரண்டு பக்கமும் பெரிய பிளேட்டுகளை மாட்டி, பாதி தூரம் மட்டும் இறங்கி ஏறுபவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு தரப்பும் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்றுதான். உடல் ஒழுங்காக உட்கார்ந்து எழப் பழகுவதற்கு முன்பே தோளில் எடை ஏறிவிடுகிறது. ஸ்குவாட்டால் வந்ததாகச் சொல்லப்படும் முட்டி வலியும் முதுகுப் பிடிப்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. முறையாகச் செய்தால் உடலின் பெரிய தசைகளை ஒரே நேரத்தில் பலப்படுத்தும் பயிற்சி இது. எப்படி செய்வது, எங்கே தப்பு நடக்கிறது, பாதியில் எழ முடியாமல் போனால் என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

பார்பெல் ஸ்குவாட் என்றால் என்ன?

பாரை பிடரிக்குக் கீழே, தோள்பட்டையின் மேல் தாங்கியபடி உட்கார்ந்து எழுவதுதான் பார்பெல் பேக் ஸ்குவாட். நம்ம ஊர் பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டாலோடு சேர்த்து பஸ்கி எடுப்பார்களே, அதன் எடை தூக்கும் வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முன் தொடை, பிட்டம், உள்தொடை ஆகிய தசைகள்தான் இதில் முக்கியமாக வேலை செய்கின்றன. உடம்பு முன்னால் சரிந்துவிடாமல் தாங்குவது முதுகு, வயிற்றுத் தசைகளின் வேலை. நாற்காலியில் இருந்து எழுவது, மாடிப்படி ஏறுவது, தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது என தினமும் நாம் செய்யும் எல்லாவற்றுக்கும் இதே தசைகள்தான் வேண்டும். பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாட்களாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

யாரெல்லாம் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

எடை தூக்கும்போது மூச்சை அடக்குவதால் ரத்த அழுத்தம் சில நொடிகளுக்கு கடுமையாக உயரும். எனவே உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பாரைத் தொடக் கூடாது. முதுகுத்தண்டு டிஸ்க் பிரச்னை, முட்டி தேய்மானம், சமீபத்தில் அறுவை சிகிச்சை என்று இருப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். "செய்யவே கூடாது" என்பது இதற்கு அர்த்தமில்லை. எந்த அளவு, எந்த வடிவம் என்று தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

பாருக்கு முன்னால் இந்த 3 சோதனைகள்

முதல் சோதனை, எடை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து எழுவது. குதிகால் தரையை விட்டு எழாமல், முட்டிகள் உள்பக்கம் மடங்காமல் 15 முறை செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பாருக்கு இன்னும் நேரம் வரவில்லை.

இரண்டாவது, கணுக்கால் சோதனை. சுவரைப் பார்த்தபடி ஒரு காலை முன்னால் வைத்து முட்டி போடுங்கள். முன் காலின் கட்டை விரலுக்கும் சுவருக்கும் சுமார் 10 செ.மீ இடைவெளி இருக்கட்டும். குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா? தொட முடியவில்லை என்றால் கணுக்கால் இறுக்கமாக இருக்கலாம். கீழே இறங்கும்போது குதிகால் எழுவதற்கும், உடம்பு அதிகம் முன்னால் சாய்வதற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

மூன்றாவது, கோப்லெட் ஸ்குவாட். ஒரு டம்பெல்லை செங்குத்தாக, நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். எடை முன்னால் இருப்பதால் முதுகை நிமிர்த்தி வைப்பது சுலபமாக வரும். 10 முதல் 12 கிலோ டம்பெல்லோடு 10 முறை சிரமமின்றி செய்ய முடிந்தால், வெறும் பாருக்குப் போகலாம்.

வெறும் பார்தானே என்று நினைக்காதீங்க!

போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் ஒலிம்பிக் பாரின் எடை 20 கிலோ. பெண்களுக்கான பார் 15 கிலோ. பிளேட் எதுவும் மாட்டாமலே அவ்வளவு எடை! சில ஜிம்களில் இதைவிட எடை குறைந்த சிறிய பார்களும் இருக்கும். உங்கள் ஜிம்மில் இருப்பது எத்தனை கிலோ என்று மாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 20 கிலோ அதிகமாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் சின்ன பாரில் தொடங்குங்கள்.

ரேக்கை செட் செய்வது எப்படி?

* பார் உங்கள் நெஞ்சின் நடுப்பகுதி உயரத்தில் இருக்க வேண்டும். பாரை எடுக்க குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தால் கொக்கி உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். எடை ஏறிய பிறகு, களைத்த கால்களோடு திரும்பி வைக்கும்போது அதுவே ஆபத்தாகிவிடும்.

* ரேக்கின் இரண்டு பக்கமும் இருக்கும் பாதுகாப்புக் கம்பிகளை, நீங்கள் முழுதாக உட்காரும்போது பார் இருக்கும் உயரத்துக்கு கொஞ்சம் கீழே வையுங்கள். வெறும் பாரோடு ஒருமுறை உட்கார்ந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

* பிளேட்டுகளுக்கு வெளியே லாக் போடுங்கள். பார் ஒரு பக்கம் சாய்ந்து பிளேட் நழுவினால், மறுபக்கத்து எடை பாரை அப்படியே புரட்டிவிடும்.

* ஷூ முக்கியம். ஓடுவதற்கான ஷூக்களின் அடிப்பகுதி மெத்தென்று அமுங்கும் என்பதால் எடை தூக்கும்போது கால் ஆடும். அடிப்பகுதி தட்டையாக, கெட்டியாக இருக்கும் ஷூ போதும். கணுக்கால் இறுக்கமாக இருப்பவர்களுக்கு குதிகால் உயர்ந்த பளுதூக்கும் ஷூ உதவும்.

படிப்படியாக: ஸ்குவாட் செய்யும் முறை

1. பாரைப் பிடிப்பது: இரண்டு கைகளும் பாரின் நடுவிலிருந்து சம தூரத்தில், தோளைவிட கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். பாருக்குக் கீழே குனிந்து நுழைந்து, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து இறுக்குங்கள். அப்போது மேல் முதுகில் சதை திண்டு மாதிரி திரண்டு நிற்கும். பார் உட்கார வேண்டிய இடம் அதுதான். கழுத்துக்குப் பின்னால் கையில் தட்டுப்படும் எலும்பின் மேல் பார் அழுத்தினால், இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

2. ரேக்கிலிருந்து எடுப்பது: இரண்டு பாதங்களும் பாருக்கு நேர் கீழே இருக்க வேண்டும். ஒரு காலை முன்னால், ஒரு காலைப் பின்னால் வைத்து எடுப்பது தப்பு. நிமிர்ந்து பாரைத் தூக்கி, ஒரு நொடி நின்று, 2 அல்லது 3 சின்ன அடிகள் மட்டும் பின்னால் வாருங்கள்.

3. கால்களை வைப்பது: பாதங்கள் தோள் அகலத்தில், கால்விரல்கள் 15 முதல் 30 டிகிரி வரை வெளிப்பக்கம் திரும்பியிருக்கலாம். ஒவ்வொருவரின் இடுப்பு எலும்பு அமைப்பும் வேறு என்பதால், பக்கத்தில் இருப்பவரின் அகலம் உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்ற அவசியம் இல்லை. கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் என மூன்று இடங்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும்.

4. தம் கட்டுவது: மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் தம் கட்டித் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கேயும். மூச்சை நெஞ்சுக்கு இல்லாமல் வயிற்றுக்கு இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல் சுற்றிலும் இறுக்குங்கள். வயிற்றுக்குள் உருவாகும் இந்த அழுத்தம்தான் முதுகுத்தண்டை முன்னாலிருந்து தாங்குகிறது.

5. இறங்குவது: இடுப்பும் முட்டியும் ஒரே நேரத்தில் மடங்கட்டும். முட்டிகள், கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால், பார் எப்போதும் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தொப்பென்று விழாமல், 2 நொடியாவது எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

6. எழுவது: தரையைக் காலால் தள்ளுவதுபோல் எழ வேண்டும். நெஞ்சும் இடுப்பும் ஒரே வேகத்தில் மேலே வரட்டும். கஷ்டமான கட்டத்தைத் தாண்டியதும் மூச்சை விட்டு, மேலே நின்று, மறுபடியும் தம் கட்டி அடுத்த முறை இறங்குங்கள். தலை சுற்றுவதுபோல் இருந்தால் அந்த செட்டை அதோடு நிறுத்திவிடுங்கள்.

7. திரும்ப வைப்பது: நேராக முன்னால் நடந்து, பார் ரேக்கின் இரண்டு தூண்களிலும் மோதும் சத்தம் கேட்ட பிறகே கொக்கியில் இறக்குங்கள். ஒரு பக்கக் கொக்கியை மட்டும் குனிந்து தேடுவது விபத்துக்கு வழி.

முட்டி, கால்விரலைத் தாண்டலாமா?

ஜிம்களில் அதிகம் கேட்கும் அறிவுரை இது: "முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாது". இது எவ்வளவு தூரம் உண்மை?

ஆண்ட்ரூ ஃப்ரை உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2003-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 7 ஆண்களை இரண்டு விதமாக ஸ்குவாட் செய்ய வைத்தார்கள். ஒன்று இயல்பாக. இன்னொன்று, முட்டி கால்விரலைத் தாண்டாதபடி முன்னால் ஒரு பலகையைத் தடுப்பாக வைத்து. தடுத்தபோது முட்டியின் மீதான திருப்பு விசை சுமார் 22 சதவிகிதம் குறைந்தது உண்மைதான். ஆனால் இடுப்பு மூட்டின் மீதான திருப்பு விசை 28-லிருந்து 302 நியூட்டன் மீட்டராக உயர்ந்தது. அதாவது 10 மடங்குக்கும் மேல்! முட்டியை முன்னால் போகவிடாமல் தடுத்தால், உடம்பு முன்னால் சாய்ந்து அந்தச் சுமையை இடுப்புக்கும் கீழ் முதுகுக்கும் கொண்டுபோய்விடுகிறது.

சின்ன ஆய்வுதான் என்றாலும், அது காட்டும் விஷயம் தெளிவானது. குதிகால் தரையில் பதிந்திருக்கும் வரை முட்டி கொஞ்சம் முன்னால் போவது இயல்பு. தொடை எலும்பு நீளமானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே போகும். கவனிக்க வேண்டியது முட்டி உள்பக்கம் மடங்குகிறதா, குதிகால் எழுகிறதா என்பதைத்தான்.

எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும்?

'முழுசா உட்கார்ந்தா முட்டி ஜவ்வு போயிடும்' என்ற பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1961-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் க்ளைன், ஆழமான ஸ்குவாட் முட்டியின் தசைநார்களைத் தளர்த்திவிடும் என்று ஆய்வு வெளியிட்டார். அந்தக் கருத்து வேகமாகப் பரவியது. ஆனால் பின்னாளில் நடந்த ஆய்வுகள், ஆரோக்கியமான முட்டி உள்ளவர்களுக்கு அப்படி நடப்பதாக உறுதி செய்யவில்லை.

யோசித்துப் பாருங்கள். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து களை எடுப்பது, பாத்திரம் கழுவுவது, இந்திய முறைக் கழிப்பறை என்று முழு ஆழத்தில் உட்காருவது நமக்குப் புதிதில்லை. அந்தப் பழக்கம் விட்டுப்போய், நாள் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு, திடீரென்று எடையோடு அந்த ஆழத்துக்குப் போவதில்தான் சிக்கல்.

பவர்லிஃப்டிங் போட்டி விதிப்படி, இடுப்பு மடியும் இடம் முட்டியின் மேற்பகுதியைவிட கீழே இறங்கினால்தான் ஸ்குவாட் செல்லும். போட்டிக்குப் போகாதவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தொடை தரைக்கு இணையாக வரும் வரை இறங்குவதை இலக்காக வைக்கலாம். அதற்கு முன்பே கீழ் முதுகு வளைந்து இடுப்பு உள்பக்கம் சுருண்டால், சுருளும் இடத்துக்குச் சற்று மேலேயே நிறுத்துங்கள். பழகப் பழக ஆழம் கூடும்.

அதிகம் நடக்கும் 4 தப்புகள்

முட்டி உள்ளே மடங்குவது: எழும்போது இரண்டு முட்டிகளும் ஒன்றை ஒன்று நோக்கிச் சாயும். எடையைக் குறைத்து, முட்டியை சுண்டுவிரல் பக்கம் தள்ளுவதாக நினைத்துச் செய்யுங்கள்.

இடுப்பு முதலில் எழுவது: பிட்டம் மேலே போய்விடும், நெஞ்சு கீழேயே நிற்கும். கடைசியில் மொத்த எடையையும் முதுகு தூக்க வேண்டியிருக்கும். எடை அதிகம் என்பதற்கான அறிகுறி இது.

வானத்தைப் பார்ப்பது: தலையை அண்ணாந்தால் கழுத்தும் கீழ் முதுகும் சேர்ந்து வளையும். உங்களுக்கு முன்னால் சில அடி தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும்.

பெல்ட்டை நம்புவது: பெல்ட் என்பது வயிறு தள்ளி அழுத்துவதற்கு ஒரு சுவர் மாதிரி. தம் கட்டத் தெரியாதவருக்கு பெல்ட் பெரிதாக உதவாது. ஆரம்பத்தில் பெல்ட் இல்லாமலே பழகுங்கள்.

இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துத் திருத்துவது கஷ்டம். செல்போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வைத்து ஒரு செட்டை வீடியோ எடுங்கள். ஆழம், முதுகு, குதிகால், பார் செல்லும் பாதை எல்லாம் அதில் தெரிந்துவிடும். முட்டி உள்ளே மடங்குகிறதா என்பதற்கு முன்பக்கம் இருந்து ஒரு வீடியோ.

பாதியில் எழ முடியாமல் போனால்?

ஸ்குவாட் கற்றுக்கொள்பவர்கள் பலரும் கேட்காமல் விடும் கேள்வி இது. பாதுகாப்புக் கம்பிகள் சரியாக வைக்கப்பட்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. முன்னால் குனியாமல், நிமிர்ந்தபடியே மெதுவாக உட்கார்ந்து பாரைக் கம்பிகளின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். இதை வெறும் பாரோடு 4, 5 முறை பழகிப் பாருங்கள். எடை ஏறிய நாளில் அந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும்.

கம்பிகள் இல்லாத ரேக் என்றால், பின்னால் ஒருவர் நிற்பது அவசியம். அவர் உங்கள் பின்னால் ஒட்டி நின்று, உங்களோடு சேர்ந்தே இறங்க வேண்டும். தேவைப்பட்டால் உங்கள் அக்குள் வழியாக கைகளை விட்டு, மார்போடு அணைத்துத் தூக்க வேண்டும். பாரை ஒரு கையால் பிடித்து இழுத்தால் அது சாய்ந்துவிடும். கம்பியும் இல்லை, ஆளும் இல்லை என்றால் அன்றைக்கு கனமான எடை வேண்டாம். கோப்லெட் ஸ்குவாட்டோ, லெக் பிரஸ்ஸோ செய்துவிட்டு வரலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

எத்தனை செட், எப்போது எடை ஏற்றலாம்?

ஆரம்பத்தில் வாரத்துக்கு 2 நாட்கள், ஒவ்வொரு நாளும் 5 முதல் 8 முறை கொண்ட 3 செட்கள் போதும். இரண்டு நாட்களுக்கும் இடையில் குறைந்தது 48 மணி நேரம் இடைவெளி விடுங்கள். செட்டுக்கு செட் 2 முதல் 3 நிமிடம் ஓய்வு எடுக்கலாம்.

நேரடியாக அன்றைய எடைக்குப் போகக் கூடாது. உதாரணத்துக்கு 50 கிலோவில் செய்யப் போகிறீர்கள் என்றால், 20 கிலோ வெறும் பாரில் 8 முறை, 30 கிலோவில் 5 முறை, 40 கிலோவில் 3 முறை செய்துவிட்டுப் போங்கள்.

எடை ஏற்றுவதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 3 செட்டிலும், கடைசி முறையும் முதல் முறை மாதிரியே இருந்ததா? 'இன்னும் 2 முறை செய்திருக்கலாம்' என்று தோன்றியதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அடுத்த முறை பக்கத்துக்கு 1.25 கிலோ, மொத்தம் 2.5 கிலோ மட்டும் கூட்டுங்கள். ஏதாவது ஒன்றுக்கு இல்லை என்றால் அதே எடைதான். வாரத்துக்கு 2.5 கிலோ என்பது கேட்க சின்னதாக இருக்கலாம். 8 வாரத்தில் அது 20 கிலோ.

எந்த வலி சாதாரணம், எது ஆபத்து?

பயிற்சி முடிந்த 1 முதல் 3 நாட்கள் வரை தொடையிலும் பிட்டத்திலும் வலி இருப்பது, படி இறங்க சிரமமாக இருப்பது சாதாரணம். தானாகவே சரியாகிவிடும்.

ஆனால் கீழே சொல்பவை அப்படியல்ல.

* முட்டிக்குள் சுருக்கென்று குத்தும் வலி, வீக்கம், முட்டி மாட்டிக்கொள்வது போன்ற உணர்வு
* முதுகில் தொடங்கி பிட்டம், கால் வழியாக இறங்கும் வலி, மரத்துப்போதல், காலில் பலம் குறைவது
* தொடை கடுமையாக வீங்கி, சிறுநீர் டீ அல்லது கோலா நிறத்தில் போவது

இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது தசைகள் அளவுக்கு மீறி சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். முதல் நாளே 'சேலஞ்ச்' என்று நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழுபவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கில் உணர்வு இல்லாமல் போவது ஆகியவையும் அவசர சிகிச்சை தேவைப்படும் அறிகுறிகள்தான்.

ஜிம்மில் பக்கத்தில் இருப்பவர் 100 கிலோ போடுகிறார் என்றால், அவர் எத்தனை வருடம் கழித்து அங்கே வந்தார் என்பது நமக்குத் தெரியாது. உங்கள் பாரில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை, நீங்கள் செய்த கடைசி செட்டின் கடைசி முறை சொல்லிவிடும். அது ஒழுங்காக இருந்தால் ஏற்றுங்கள், இல்லை என்றால் குறையுங்கள்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. உடல்நலப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெற்று, தகுதியான பயிற்சியாளரின் மேற்பார்வையில் பயிற்சியைத் தொடங்கவும்.)